எட்டு விளக்கும் எரிகிறது, ஆனால் ஜிகாபிட் வரவில்லை: எந்த கேபிள் டெஸ்டர் வாங்கலாம்?

கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பதினாறு நெட்வொர்க் கேபிள்கள் இழுத்திருக்கிறீர்கள். இரண்டு முனையிலும் நீங்களே ஜாக் போட்டிருக்கிறீர்கள். கையில் இருக்கும் எட்டு விளக்கு டெஸ்டரில் பதினாறுமே ஒன்று முதல் எட்டு வரை ஒழுங்காக எரிகின்றன. ஆனாலும் நான்கு கேபிள்களில் மட்டும் கணினி 100 மெகாபிட்டிலேயே நின்றுவிடுகிறது. “அதிகம் செலவில்லாமல், கேபிள் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று சொல்லும் கருவி எது? பின்னால் 10 ஜிகாபிட் தாங்குமா என்றும் அது சொல்ல வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நான்கு கேபிள்களில் எங்கே பழுது என்பது ஒன்று. இந்த கேபிள் எவ்வளவு வேகம் தாங்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் குறைந்த விலைக் கருவி போதும். பாதி வேலையைக் கருவியே வாங்காமல் முடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் மலிவான கருவி கிடையாது. பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, கிடையாது. கேபிள் வேலையில் பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் இதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

உங்களிடம் இருக்கும் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. அது சொன்னது ஒன்று, நாம் எடுத்துக்கொண்டது வேறு. அதன் பெரிய பெட்டி ஒவ்வொரு பின்னுக்கும் (ஜாக்கில் ஒன்று முதல் எட்டு வரை இருக்கும் தொடுமுனைகள்) வரிசையாகச் சிறு மின்னழுத்தம் கொடுக்கிறது. மறுமுனையில் மாட்டிய சின்னப் பெட்டியில் அதே எண்ணுள்ள விளக்கு எரிகிறது. 3 எரிய வேண்டிய நேரத்தில் 6 எரிந்தால் வயர் இடம் மாறியிருக்கிறது. ஒன்று எரியவே இல்லை என்றால் அறுந்திருக்கிறது. அதற்கு மேல் அதற்குத் தெரியாது. (ஒன்பதாவதாக ‘ஜி’ என்று ஒரு விளக்கு இருக்குமே, அது கேபிளைச் சுற்றி உலோக உறை இருந்தால் மட்டும் எரியும். உலோக உறையில்லாத சாதாரண யூடிபி கேபிளில் எரியாமல் இருப்பதுதான் சரி. அது எரியவில்லை என்பதற்காக ஜாக்கைப் பிரித்துத் திரும்பத் திரும்பப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

ஒரு எல்இடி எரியச் சில மில்லிஆம்பியர் போதும். ஜாக்கின் உள்ளே இருக்கும் கத்தி வயரின் மேலுறையைப் பாதி மட்டும் கீறி, செம்பை ஓர் ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்தச் சில மில்லிஆம்பியர் போய்ச் சேர்ந்துவிடும். அந்த இடத்தில் 50 ஓம் தடை கூடுதலாக உட்கார்ந்திருந்தால்கூட விளக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜிகாபிட் கதை வேறு. அது எட்டு வயர்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு ஜோடிகளிலும், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரண்டு திசைகளிலும் ஓடுகிறது. வினாடிக்கு 12.5 கோடி குறியீடுகள், ஒவ்வொன்றும் ஐந்து மின்னழுத்த நிலைகளில் ஒன்று. இவ்வளவு நுணுக்கமாகப் போகும் சிக்னலுக்கு ‘தொட்டுக்கொண்டிருக்கிறது’ என்பது போதாது.

100 மெகாபிட்டில் நிற்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும்: 1-2, 3-6. இரு முனைச் சாதனங்களும் எந்த வேகத்தில் பேசலாம் என்று முதலில் ஒப்பந்தம் போடுவதும் இதே ஜோடிகள் வழியாகத்தான். ‘ஜிகாபிட்’ என்று ஒப்புக்கொண்டு நான்கு ஜோடிகளையும் இயக்கப் பார்க்கும்போது 4-5 அல்லது 7-8 சரியில்லை என்றால் இணைப்பு எழும்பாது. சில முயற்சிகளுக்குப் பிறகு பல நெட்வொர்க் சிப்புகள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். உங்கள் நான்கு கேபிள்களிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். நிறப்படி பார்த்தால் 4-5 நீல ஜோடி, 7-8 பழுப்பு ஜோடி. முதல் சந்தேகத்தை அவற்றின் மேல் வையுங்கள். ஆனால் இது சந்தேகம்தான். அந்த முனையில் இருக்கும் சாதனமே 100 மெகாபிட் போர்ட் உள்ளதாக இருக்கலாம், சுவரிலிருந்து கணினிக்குப் போகும் பேட்ச் கார்டு கெட்டிருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு எது என்று என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது.

விளக்கு டெஸ்டர் பிடிக்கவே முடியாத இன்னொரு பழுது இருக்கிறது: ஸ்ப்ளிட் பேர். எட்டு வயர்களும் இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் இருக்கும், எட்டு விளக்கும் எரியும், ஆனால் ஜோடி தவறாக இருக்கும். கேபிளுக்குள் வயர்கள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது அழகுக்காக இல்லை. ஒரு ஜோடியின் இரைச்சல் அடுத்த ஜோடிக்குத் தாவாமல் இருக்க. சிக்னல் போகும் இரண்டு வயர்களும் ஒரே முறுக்கில் இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். ஜாக்கில் 1-2 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி; நடுவில் மட்டும் 4-5 ஒரு ஜோடியாகவும் அதை அணைத்தாற்போல் 3-6 இன்னொரு ஜோடியாகவும் இருக்கிறது. நடு இரண்டு பின்களைத் தொலைபேசி இணைப்புக்கு ஏற்றபடி விட்டுவைத்த பழைய மிச்சம் இது. புதிதாக ஜாக் போடுகிறவர் இதை அறியாமல் 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். 3-6 மட்டும் ஆளுக்கொரு முறுக்கிலிருந்து வந்திருக்கும், 4-5-உம் அப்படியே.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு சின்ன அலுவலகத்தில் பழைய ஸ்விட்ச்சை (எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டி) எடுத்துவிட்டு ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்தோம். அன்று மாலையே கோளாறு தொடங்கியது. பக்கத்து மேசைகள் ஏதோ ஓடின, தூரத்து மேசைகள் இணைவதும் துண்டிப்பதுமாக இருந்தன. என் பையில் இருந்த விளக்கு டெஸ்டரை எல்லாவற்றிலும் மாட்டிப் பார்த்தேன், சுத்தமாக எரிந்தது. அதை நம்பி ஸ்விட்ச்சை மாற்றினேன், ஒரு கணினியில் நெட்வொர்க் கார்டை மாற்றினேன், அரை நாள் போனது. கடைசியில் ஒரு சுவர்ப் பெட்டியைக் கழற்றி ஜாக்கை வெளியே இழுத்துப் பார்த்தால் 3-ல் வெள்ளை-பச்சை, அதை ஒட்டி 4-ல் பச்சை. 4-ல் நீலம் இருக்க வேண்டும். யாரோ எல்லா ஜாக்கையும் அப்படியே போட்டிருந்தார்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் குறைந்த தூரத்தில் அதைச் சகித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து, டெஸ்டரை எடுப்பதற்கு முன்னால் இரண்டு முனையிலும் நிறங்களைக் கண்ணால் பார்த்துவிடுவேன். டி568பி முறையில் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568ஏ-வில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும். எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம், இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால் சரி.

கருவி வாங்கும் முன், செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். ஜிகாபிட் வரும் இடத்திலிருந்து கணினியையும் பேட்ச் கார்டையும் அப்படியே தூக்கி, வராத இடத்தில் மாட்டுங்கள். ஸ்விட்ச் பக்கத்திலும் நன்றாக ஓடும் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இப்போதும் 100 என்றால் பழுது சுவருக்குள் ஓடும் கேபிளிலோ அதன் ஜாக்குகளிலோ இருக்கிறது என்று உறுதியாகும். பார்க்க வேண்டியது கணினி காட்டும் இணைப்பு வேகத்தை. இணைய வேகச் சோதனைத் தளத்தை இல்லை. அந்தத் தளம் உங்கள் இணையச் சேவையைத்தான் அளக்கும். இரண்டு கணினிகளுக்கு இடையே ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் நிரலை ஓட்டினால் ஜிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அளவிலும், 100 மெகாபிட் இணைப்பில் 94 அளவிலும் வர வேண்டும். ஓட்டிவிட்டு ஸ்விட்ச்சிலோ கணினியிலோ பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். சிஆர்சி பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை, பூஜ்யத்திலேயே நின்றால் அந்த கேபிள் அந்த வேகத்துக்கு இன்று சரியாக இருக்கிறது. என்னைக் கேட்டால், மலிவு டெஸ்டர் காட்டும் ‘பாஸ்’ என்ற எழுத்தைவிட இந்தப் பூஜ்யம் பெரிது.

மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றக்கூடிய வகை, வைத்திருந்தால் அதன் மெனுவில் ‘கேபிள் டயக்னாஸ்டிக்ஸ்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல ஸ்விட்ச்சுகளில் இருக்கும், வாங்கியவர்கள் பாதிப் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஜோடியும் நன்றாக இருக்கிறதா, அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா, எத்தனை மீட்டரில் என்று சொல்லும். சோதனை ஓடும் சில வினாடிகள் அந்த போர்ட்டில் இணைப்பு போய்வரும். யாராவது முக்கியமான வேலையில் இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். லினக்ஸில் ஈத்டூல் என்ற நெட்வொர்க் கட்டளைக்கும் 2020-இலிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஒத்துழைக்க வேண்டும். பல கார்டுகளில் ‘ஆதரவில்லை’ என்றுதான் பதில் வரும்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? அப்படியானால் விளக்கு டெஸ்டரைவிட நல்ல கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பழைய பேட்ச் கார்டு ஒன்றை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியில் ஒவ்வொரு ஜோடியின் இரண்டு வயர்களையும் உறை சீவி ஒன்றாக முறுக்கிவிடுங்கள். நான்கு முடிச்சுகள் வரும், அவை ஒன்றையொன்று தொடக் கூடாது. இது தூரத்து முனைக்கு. மறு பாதியின் எட்டு வயர்களையும் சீவிப் பிரித்து வைத்தால் அது மீட்டர் வைக்கும் முனை. இரண்டு பக்கமும் சாதனங்கள் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. அதை மறந்தால் மீட்டருக்கும் ஆபத்து, எண்ணும் தப்பாக வரும். இப்போது ஒவ்வொரு ஜோடியின் தடையையும் அளந்து எழுதுங்கள். 24 கேஜ் (வயரின் தடிமன் அளவு) செம்பு வயரில் 30 மீட்டர் ஓட்டம் என்றால் போக வர 5 ஓம் சுற்றி வரும். நான்கு ஜோடிகளும் சில பத்தில் ஓர் ஓம் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று ஜோடிகள் 5 ஓம் காட்டி, பழுப்பு மட்டும் 14 காட்டினால், அல்லது ஜாக்கை லேசாக ஆட்டும்போது எண் குதித்தால், விளக்கு மறைத்த ரகசியம் வெளியே வந்துவிட்டது. வெட்டிய பேட்ச் கார்டின் சொந்தத் தடை எல்லா ஜோடிக்கும் பொது என்பதால் ஒப்பிடும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரே குறை, ஸ்ப்ளிட் பேரை மல்டிமீட்டரும் பிடிக்காது. அதற்குக் கண் இருக்கிறது.

இதே முறையில் இன்னொரு விஷயமும் தெரியும்: உங்கள் கேபிள் உண்மையிலேயே செம்பா, இல்லை செம்பு பூசிய அலுமினியமா. சிசிஏ என்று சொல்வார்கள். விலை குறைவு என்று பலர் பெட்டி பெட்டியாக வாங்கிவிடுகிறார்கள். 24 கேஜ் செம்பில் 100 மீட்டருக்குப் போக வரச் சுமார் 17 ஓம். தரநிலை அனுமதிக்கும் உச்சம் 19-க்குக் கொஞ்சம் குறைவு. சிசிஏ-வில் இது ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், 27 வாக்கில் வரும். பயன்படுத்தாத முழுப் பெட்டி, அதாவது 305 மீட்டர், மீதி இருந்தால் இன்னும் எளிது: ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கிவிட்டு மறுமுனையில் அளந்தால் 50 ஓம் பக்கம் இருக்க வேண்டும். 80 காட்டினால் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் வயரின் முனையைக் கத்தியால் நன்றாகச் சுரண்டிப் பார்க்கலாம். செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவந்தே இருக்கும். சிசிஏ வெள்ளையாக வெளுக்கும். நெட்வொர்க் கேபிளுக்கான டிஐஏ, ஐஎஸ்ஓ தரநிலைகள் எதுவும் சிசிஏ-வை ஏற்பதில்லை. கேமரா, வைஃபை பெட்டி போன்றவற்றுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரமும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கூடுதல் தடை முழுவதும் சூடாக மாறும். அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கருவி வாங்கத்தான் வேண்டுமா? பதினாறு கேபிளோடு வேலை முடிந்தது என்றால் வேண்டாம் என்பேன். இனிமேலும் இழுக்கப்போகிறீர்கள், மற்றவர்களுக்கும் செய்து கொடுப்பீர்கள் என்றால் விளக்கு டெஸ்டருக்கு அடுத்த படியில் இருக்கும் ஒன்றை வாங்குங்கள். சின்னத் திரையில் எந்த வயர் எங்கே போகிறது என்று படமாகக் காட்டும், நீளம் சொல்லும். தொழிலில் இதை வெரிஃபிகேஷன் வகை என்பார்கள். கிளைன் டூல்ஸின் ஸ்கவுட் புரோ 3, ஃப்ளூக் நெட்வொர்க்ஸின் மைக்ரோஸ்கேனர் இரண்டும் இந்த வகை. விலையில் இரண்டும் ஒரே தட்டில் இல்லை. இவற்றைவிட மலிவாகப் பெயர் மாறி மாறி வரும் கருவிகள் ஏராளம், அவற்றிலும் உருப்படியானவை உண்டு. நான் கையில் பிடித்துப் பார்த்தவை சிலதான் என்பதால் இன்ன மாடல் என்று அடித்துச் சொல்வதைவிட, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்வது நேர்மை.

முதல் நிபந்தனை, ஸ்ப்ளிட் பேர் கண்டுபிடிக்கும் என்று கையேட்டில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். ‘ஓபன், ஷார்ட், கிராஸ்’ என்று மட்டும் இருந்தால் அது திரை வைத்த விளக்கு டெஸ்டர், அவ்வளவுதான். வாங்கியதும் சோதித்துப் பார்ப்பது சுலபம்: மிச்சமிருக்கும் கேபிளில் பத்துப் பதினைந்து மீட்டர் எடுத்து, வேண்டுமென்றே 1-2, 3-4, 5-6, 7-8 என்று பிளக் அடித்து மாட்டுங்கள். ‘பாஸ்’ என்று வந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அரை மீட்டர் பேட்ச் கார்டில் இதைச் செய்து கருவியைக் குறை சொல்லாதீர்கள். அவ்வளவு குட்டையான கேபிளில் நல்ல கருவியும் தடுமாறும்.

இரண்டாவது, நீளத்தை ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் காட்டுவதில் பெரிய பயன் இல்லை. 42, 43, 41, 43 என்று வந்தால் பயப்பட வேண்டாம்: ஜோடிக்கு ஜோடி முறுக்கின் நெருக்கம் வேறு, அதனால் உள்ளே இருக்கும் செம்பின் நீளமும் கொஞ்சம் வேறு. 42, 43, 41, 17 என்று வந்தால் நான்காவது ஜோடி 17-வது மீட்டரில் அறுந்திருக்கிறது. மறுமுனையிலிருந்தும் ஒருமுறை அளந்து 25 சொச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுவரில் எந்த இடம் என்று கிட்டத்தட்ட விரல் வைத்துவிடலாம். பழுது 0 அல்லது 42 என்று காட்டினால் இன்னும் நல்லது, ஜாக்கிலேயே இருக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலான பழுதுகள் அங்கேதான் இருக்கும், சுவருக்குள் இல்லை.

நீளம் அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கொள்ளளவு வழி. ஒரு ஜோடியின் இரண்டு வயர்களுக்கு இடையே மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட் இருக்கும்; மொத்தத்தை அளந்து வகுத்தால் நீளம். மலிவுக் கருவிகள் பலவற்றில் இதுதான். அறுந்த இடத்துக்குத் தூரம் சொல்லும், ஷார்ட் ஆன இடத்துக்குச் சொல்லாது. மறுமுனையில் சாதனம் இணைந்திருந்தால் உளறும். இன்னொன்று எதிரொலி வழி, டிடிஆர் என்பார்கள். ஒரு துடிப்பை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை அளப்பது. கேபிளுக்குள் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் போகிறது, அதாவது ஒரு நானோ வினாடிக்கு 21 சென்டிமீட்டர். 30 மீட்டர் கேபிளில் போய்த் திரும்ப 286 நானோ வினாடி. அறுந்ததும் தெரியும், ஷார்ட்டும் தெரியும். முடிந்தால் இந்த வகை வாங்குங்கள். எந்த வழியாக இருந்தாலும் அளவைத் திருத்தும் வசதி இருக்க வேண்டும். அந்த 70 சதவீதம் கேபிளுக்குக் கேபிள் மாறும். 69-க்குப் பதில் 72 என்று வைத்தால் 40 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் தப்பும். நீளம் தெரிந்த இருபது மீட்டர் துண்டு ஒன்றை மாட்டி எண்ணைச் சரிசெய்துகொண்டால் போதும்.

அடுத்தது, எண்ணிட்ட பல ரிமோட்டுகள், அதாவது மறுமுனையில் சொருகும் சின்னத் துண்டுகள். பதினாறு கேபிளுக்கு ஒரே ரிமோட் என்றால் ஏறி இறங்கியே கால் ஓய்ந்துவிடும். எட்டு ரிமோட்டாவது இருந்தால் ஒரு பக்கம் எல்லாவற்றையும் சொருகிவிட்டு மறுபக்கம் உட்கார்ந்து எது எந்த அறை என்று குறித்துவிடலாம். கேபிளில் ஒரு ஒலி சிக்னலை (டோன்) அனுப்பி, கட்டுக்குள் அந்த ஒரு கேபிளைத் தேடும் டோனரும் கூடவே வந்தால் வசதி. அதில் ஒரு கைவேலை சொல்கிறேன்: டோனை ஒரே ஜோடியின் இரண்டு வயர்களில் கொடுத்தால் முறுக்கே அதை அமுக்கிவிடும், ஒரு ஜோடியிலிருந்து ஒரு வயர், இன்னொரு ஜோடியிலிருந்து ஒரு வயர் என்று கொடுத்தால் தூரத்திலேயே கேட்கும்.

கருவியின் சாக்கெட்டைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நெட்வொர்க் பிளக் சொருகும் ஆர்ஜே-45 சாக்கெட்டுகள் சாதாரணத் தரத்தில் 750 முறை சொருகி எடுப்பதற்காகச் செய்யப்படுபவை. அதைவிட வேகமாக அதைக் கொல்வது சரியாக அழுத்தாத பிளக்: தங்க நிறப் பின்கள் முழுதாக இறங்காமல் மேலே துருத்திக்கொண்டு, சாக்கெட்டின் மெல்லிய கம்பிகளை நிரந்தரமாக வளைத்துவிடும். அதற்குப் பிறகு நல்ல கேபிளும் பழுது என்று காட்டும், ஆளைச் சுற்றலில் விடும். புதிதாக அடித்த பிளக்கை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்து, எட்டுப் பின்களும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். கருவியில் நிரந்தரமாக ஒரு குட்டிப் பேட்ச் கார்டை மாட்டி வைத்து அதன் மறுமுனையைப் பயன்படுத்துவது என் பழக்கம். தேய்ந்தால் கார்டு தேயட்டும்.

மின்சாரம் வரும் போர்ட்டில் மாட்டுவதைப் பற்றியும் கவனம் தேவை. தரநிலைப்படி ஓடும் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும்) ஸ்விட்ச், மறுமுனையில் 25 கிலோ ஓம் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 44 முதல் 57 வோல்ட் வரை அனுப்பும், அதனால் டெஸ்டர் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பாசிவ் பிஓஇ அடாப்டர் எதையும் கேட்காது, நேராக அனுப்பிவிடும். கையேட்டில் இத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று எழுதாத கருவியை எந்தச் சாதனத்திலும் சொருகாதீர்கள். இரண்டு முனையையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

10 ஜிகாபிட் கேள்வி இன்னும் பாக்கி. வெரிஃபிகேஷன் வகைக் கருவிகள் வயர் எங்கே போகிறது என்று சொல்லும், எவ்வளவு வேகம் தாங்கும் என்று சொல்லாது. அதற்கு மேலே குவாலிஃபிகேஷன் வகை இருக்கிறது. ஃப்ளூக்கின் லிங்க்ஐக்யூ அந்த ரகம், அதிர்வெண் அளவீடு செய்து 10 ஜிகாபிட் வரை எதைத் தாங்கும் என்று சொல்லும். உச்சியில் சர்ட்டிஃபிகேஷன் வகை. கேபிளின் தர வகையைப் பொறுத்து, கேட் 5ஈ என்றால் 100 மெகாஹெர்ட்ஸ் வரை, கேட் 6 என்றால் 250 வரை, கேட் 6ஏ என்றால் 500 வரை, ஜோடிக்கு ஜோடி கசிவு, சிக்னல் இழப்பு, எதிரொலிப்பு எல்லாவற்றையும் அளந்து தரநிலையின் கோட்டோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். ‘இது கேட் 6’ என்று கையெழுத்துப் போடும் தகுதி அதற்கு மட்டும்தான். நல்ல லேப்டாப் பல வாங்கும் விலை. சொந்தமாக வாங்காதீர்கள், எழுத்தில் அறிக்கை வேண்டுமென்றால் அதை வைத்திருப்பவரை ஒருநாள் கூலிக்கு அழைப்பதுதான் கட்டுப்படியாகும். மலிவான கருவி ஒன்று திரையில் ‘கேட் 6 ஓகே’ என்று காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கருவி இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவு: உங்களுடையது செம்பில் செய்த கேட் 6ஏ, ஜாக்கும் அதே தரம், மொத்த ஓட்டம் 100 மீட்டருக்குள் என்றால், அந்தத் தரம் வகுக்கப்பட்டதே 10 ஜிகாபிட்டுக்காக. கேட் 6 என்றால் 37 முதல் 55 மீட்டர் வரை. இந்த இரண்டு எண்களுக்கு இடையே எங்கே நிற்கும் என்பது, பக்கத்தில் எத்தனை கேபிள்கள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பக்கத்துக் கேபிளின் இரைச்சல் தாவும், அதைச் சின்னக் கருவி எதுவும் பார்க்காது. பதினாறையும் ஒரே கட்டாக முழு நீளத்துக்கும் டை போட்டு இறுக்கியிருந்தால் தளர்த்திவிடுங்கள். வெறும் 2.5 ஜிகாபிட் போதும் என்றால் நல்ல கேட் 5ஈ-யே 100 மீட்டர் வரை போகும். 2016-ல் வந்த அந்தத் தரநிலையின் நோக்கமே பழைய கேபிளை மாற்றாமல் வேகம் கூட்டுவதுதான்.

உங்கள் நான்கு கேபிள்களுக்கு வருகிறேன். கணினியையும் கார்டையும் மாற்றிப் பார்த்த பிறகும் 100-லேயே நின்றால் இரண்டு முனை ஜாக்கையும் வெளியே எடுங்கள். நிற வரிசையைப் பாருங்கள். முறுக்கு பிரிந்திருக்கும் நீளத்தைப் பாருங்கள். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிந்திருக்கக் கூடாது. நீலமும் பழுப்பும் கத்திக்குள் அடிவரை இறங்கியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அதே வயரை மீண்டும் குத்தாமல், இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரு முனையை முடித்ததும் உடனே மல்டிமீட்டர் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் மறுமுனை. எந்த முனை குற்றவாளி என்று அப்போதுதான் தெரியும். நான்கும் சரியாகிவிட்டால் டெஸ்டர் வாங்க ஒதுக்கிய பணத்தில் வயரை ஜாக்கின் கத்திக்குள் குத்தி இறக்கும் நல்ல பஞ்ச் டவுன் டூல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜாக்கோடு இலவசமாக வரும் அந்த பிளாஸ்டிக் துண்டால் குத்தியிருந்தால், பழுதுக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.